பிளக் கழன்று வராவிட்டால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது பழைய வேகன் ஆர். ஸ்பார்க் பிளக் மாற்ற ஹட்டனில் ஒரு கராஜில் விட்டோம். மூன்றில் இரண்டு பிளக் வந்துவிட்டது, நடுவில் உள்ளது அசையவே இல்லை. "ஹெட்டை இறக்கணும். இல்லாட்டி ஸ்பெனரில் பைப் போட்டு இழுத்துப் பார்க்கிறேன், உடைஞ்சா நான் பொறுப்பில்லை" என்கிறார் மெக்கானிக் பாஸ். எதற்குச் சம்மதிப்பது?
- வாசகி, தலவாக்கலை

பதில்: இப்போதைக்கு இரண்டுக்குமே சம்மதிக்காதீர்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், பிளக்குகள் அதில்தான் திருகப்பட்டிருக்கும். அந்தப் பிளக் உடையவில்லை, அசையவும் இல்லை. மற்ற இரண்டையும் பூட்டி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களை மாட்டினால் கார் முன்போலவே ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாக யோசிக்கலாம், வேறு கராஜிலும் காட்டலாம். கராஜ் வாசலில் நிற்கும் பதற்றத்தில் தலையாட்டித்தான் பலர் பெரிய செலவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளக்கின் உடல் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும், கொயிலின் ரப்பர் வெடித்திருந்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கி நிற்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கைச் சுற்றித் துருநிறத்தில் வளையம் தெரிந்தால் காரணம் அதுதான். குழி சுத்தமாக இருந்தால், முன்பு பூட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், அல்லது அடிமரையில் கரி படிந்திருக்கலாம்.

கேட்க வேண்டிய வேலை இது. முதலில் காற்றடித்துக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிளக் வந்ததும் மண்ணும் துருவும் சிலிண்டருக்குள் விழும். பிறகு, இறுகிய நட்டுக்கு அடிக்கும் ஊடுருவும் எண்ணெயைப் பிளக்கின் அடியில் விட்டு இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, சரியான அளவு பிளக் சொக்கட்டை நேராக இறக்கி மெல்லத் திருப்ப வேண்டும். சொக்கட் சாய்ந்தால் பீங்கான் வெடிக்கும். கொஞ்சம் அசைந்தால் உடனே முழுக்கத் திருகி எடுக்கக் கூடாது. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. கரகரவென்று இறுகிக்கொண்டே வந்தால் நிறுத்திவிட வேண்டும், அது மரையை உருவிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

"சூட்டோடு கழற்றினால் வரும்" என்று சிலர் சொல்வார்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல சூட்டில் அலுமினிய மரை சீக்கிரம் உரிந்துவிடும். ஆறிய எஞ்சினில் வராவிட்டால் மட்டும், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் முயலலாம்.

மரை போனாலும் உடனே ஹெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஹெலிகாயில் எனும் கம்பிச்சுருள் மரை போடத் தெரிந்தவர் புது மரை வைத்துத் தருவார். அப்போது வரும் உலோகச் சீவல் சிலிண்டருக்குள் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். பிளக் முறிந்து அடிப்பாகம் உள்ளே நின்றால், முறிந்ததை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இருக்கிறது. ஹெட்டை இறக்கினால் கூலியோடு புது கேஸ்கட், கூலண்ட் எல்லாம் சேரும், ஆகவே அது கடைசி வழி.

பொறுப்பு யாருக்கு? பிளக் இறுகியது பாஸின் தவறல்ல, அதை அவர் மேல் போடுவது நியாயமில்லை. அவர் முன்கூட்டியே சொல்லி, நீங்களும் சம்மதித்து, முறையாக ஊறவைத்தும் உடைந்தால் செலவு உங்களுடையது. ஊறவைக்காமல், உங்களிடம் கேட்காமல் பைப் போட்டு உடைத்தால் அது கவனக்குறைவு, எடுக்கும் கூலியை அவர்தான் ஏற்க வேண்டும். அதனால் என்ன வேலை, எவ்வளவு கூலி, உடைந்தால் யார் செலவு என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். பில்லும் உடைந்த பிளக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். பேசித் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: புது பிளக்குக்கு கிரீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த முறை லேசாக வருமாமே?
- வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். பெரிய கம்பனிப் பிளக்குகளின் மரையில் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் வழுக்கும் எதையும் தடவினால், ஸ்பெனரில் அதே பலம் கொடுத்தாலும் பிளக் கூடுதலாக இறுகிவிடும். முதலில் கையாலேயே திருகி உட்கார வையுங்கள். வாஷர் உள்ள புதுப் பிளக்காக இருந்தால், அதன் பிறகு ஸ்பெனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். 14 மில்லிமீற்றர் மரைக்கு டோர்க் ஸ்பெனர் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். வெடித்த கொயில் ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.