வேதாகமக் கேள்வி – பதில்: பொறுமை என்றால் வாய்மூடி இருப்பதா?

கேள்வி: சபையில் பொறுப்பில் உள்ள ஒருவர் என்னைப் பற்றிப் பொய் பரப்புகிறார். "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" (மத்தேயு 7:1) என்பதற்காக நான் எதுவுமே பேசக்கூடாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பேசலாம், சகோதரி. எப்படிப் பேசுவது என்பதை மத்தேயு 18:15-17 சொல்கிறது. முதலில் அவரைத் தனியே சந்தியுங்கள். யாரிடம், எப்போது, என்ன சொன்னார் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். "பொறாமையால்தானே செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், இருதயத்தின் யோசனைகளை வெளிப்படுத்துவது கர்த்தருடைய வேலை (1 கொரிந்தியர் 4:5). அவர் செவிகொடுக்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். உங்கள் பக்கம் பேசுகிறவர்கள் வேண்டாம், இருவருமே மதிக்கிறவர்களாக இருக்கட்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபை.

பெரும்பாலும் காரியம் கெடுவது முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். தனியே பேசுமுன்பே "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் விஷயம் ஊரெல்லாம் பரவிவிடுகிறது. பிறகு அவர் மனந்திரும்ப நினைத்தாலும் வெட்கம் தடுத்துவிடும்.

அடி உதை, பாலியல் தொல்லை, பண மோசடி என்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது. காவல் நிலையத்துக்குப் போங்கள். பழிவாங்காதீர்கள் என்று ரோமர் 12:19-ல் எழுதிய பவுல்தான், சில வசனங்கள் தள்ளி 13:4-ல், தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்கிறார்.