வற்றிய கடலின் ஓவியன்

அன்புள்ள அண்ணாச்சி,

முட்டம் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயரும் நம்பரும் எழுதுகிறவன் நான். போனில் ஈவ் தாங்கி என்பவரின் ஓவியங்களைப் பார்த்தேன். ஆளில்லை, மரமில்லை. சாம்பல் வெளியில் எலும்பு போலவும் கூழாங்கல் போலவும் ஏதேதோ கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கறுத்த நிழல். எங்கள் பாறைக்கரை ஞாபகம் வந்தது. நண்பரிடம் காட்டினால், "ஒரே படத்த முப்பது வருசமா வரஞ்சிருக்கான்" என்கிறார். தாங்கி ஓவியம் படிக்காதவர் என்பது நிஜமா? படகு எனாமலில் இப்படி வரைய முடியுமா?

ஒரு வாசகர், முட்டம்

அன்புள்ள தம்பி,

நிஜம்தான், எங்கும் படிக்கவில்லை. 1900இல் பாரிஸில், கடற்படை அமைச்சகக் கட்டடத்துக்குள்ளேயே பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே வேலை. 1918இல் வணிகக் கப்பலில் சேர்ந்தார், பிறகு ராணுவம். அங்கேதான் கவிஞர் ழாக் பிரெவேர் நண்பரானார். 1923இல் பேருந்தில் போகும்போது ஒரு கடை ஜன்னலில் இத்தாலிய ஓவியர் தெ கிரிகோவின் ஓவியம் கண்ணில் பட, குதித்து இறங்கிப் போய்ப் பார்த்தாராம். அதற்கு அப்புறம்தான் தூரிகையை எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்திரே பிரெத்தோனும் அதே ஓவியத்துக்காகப் பேருந்திலிருந்து இறங்கியதாகக் கதை உண்டு. பாரிஸ் நடத்துநர்கள் பாவம்.

பாறைக்கரை ஞாபகம் வந்தது என்கிறீர்களே, அது தற்செயல் இல்லை. தாங்கியின் குடும்பம் பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டனியைச் சேர்ந்தது. சிறுவயது விடுமுறைகள் லொக்ரொனான் என்ற கருங்கல் ஊரில் கழிந்தன. அங்குள்ள கற்காலக் கல்திட்டைகள் சில, நம் பாதையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பெரிதாக்கியது போலவே இருக்கும். (அவர் பெயரும் தாங்கி. நான் என்ன செய்ய?) பக்கத்தில் துவார்னெனே விரிகுடா. ஈஸ் என்ற நகரம் அதில் மூழ்கியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கடல்கொண்ட குமரியைப் பற்றி நாம் பேசுவதில்லையா, அது போல.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கன்னியாகுமரியில் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாலே விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தம் என்று செய்தி வந்துவிடும். துவார்னெனேயில் தினமும் இரண்டு தடவை கடல் மீட்டர் கணக்கில் இறங்கி ஏறுகிறது. இறங்கும்போது ஈர மணல், பாசி, கல், சிப்பி எல்லாம் வெளியே கிடக்கும். கடலின் அடித்தரையைக் காலால் நடந்து பார்த்த பையன் அவர். அந்த ஓவியங்களை எல்லாரும் கனவு என்கிறார்கள். எனக்கு அவை நீர் இறங்கிய நேரத்து நிலமாகத்தான் தெரிகின்றன. தாங்கியோ விளக்கம் கேட்டாலே நழுவுகிற ஆள். 'அம்மா, அப்பாவுக்குக் காயம்!' (1927) போன்ற தலைப்புகள்கூட, அவரும் பிரெத்தோனும் மனநோய்ப் புத்தகங்களைப் புரட்டி, நோயாளிகள் பேசியதிலிருந்து பொறுக்கியவை.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. சரக்கு அதேதான், இடம் மாறுகிறது. ஆரம்பத்தில் தொடுவானம் கோடாகத் தெரியும். 1930களின் பிற்பகுதியில் அந்தக் கோடு கரைந்து, தரை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாமல் போகிறது. 1939இல் அமெரிக்கா போனார். மறு வருடம் ஓவியர் கே சேஜைத் திருமணம் செய்துகொண்டு கனெக்டிகட் மாநிலத்தில் குடியேறினார். அங்கே நிறங்கள் அழுத்தமாகின்றன, கற்கள் பெருகுகின்றன. 1954இல் வரைந்த 'வளைவுகளின் பெருக்கம்' ஓவியத்தில் கால் வைக்க இடமில்லை, தொலைவு வரை கல்லோடு கல். 1927ஆம் வருடத்து வெற்று வெளியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நண்பரிடம் காட்டுங்கள். நடுவில் சில வருடப் படங்கள் எனக்கும் அலுப்பூட்டும், அதை மறைக்கவில்லை.

1955 ஜனவரியில் பக்கவாதத்தில் இறந்தார். கே சேஜ் 1963இல் போனார். இருவர் சாம்பலையும் ஓவிய வணிகரான நண்பர் பியேர் மத்தீஸ், துவார்னெனே கரைக்குக் கொண்டுபோய்த் தூவினார்.

எனாமல் விஷயம். கற்களுக்குச் சரி, கூர்மையான விளிம்பு நன்றாகவே வரும். பின்னணிக்குச் சிரமம். சாம்பல் வெள்ளையாகி வெள்ளை நீலமாவது தெரியாமல் இழைய வேண்டும், எனாமல் அதற்குள் ஆடை கட்டிவிடும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். வெள்ளை, கறுப்பு, நீலம் மூன்று குழாய் போதும். முதலில் ஒரு ப்ளைவுட் துண்டில் வானத்தை மட்டும் இழைத்துப் பாருங்கள். கல்லை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.