மே தினத் தியாகிகள் உறங்கும் தோட்டம்

கேள்வி: மே தினத்துக்குக் காரணமான சிகாகோ தியாகிகளை ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்களாமே, ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: அந்தத் தோட்டத்தின் பெயர் வால்ட்ஹைம். ஜெர்மன் மொழியில் 'வன இல்லம்' என்று பொருள். மகள் சிகாகோவில் குடியிருந்தபோது, ரயிலின் நீலத் தடத்தில் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் பார்க் வரை போய், அங்கிருந்து நடந்து சென்று பார்த்தேன்.

அன்றைய சிகாகோவில் ஜெர்மானியர் ஏராளம். அவர்களுடைய 'ஃப்ரீமேசன்' என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளைகள் 1873-ல் டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றங்கரையில் இதைத் தொடங்கின. எந்த மதத்தினருக்கும், மதமே வேண்டாம் என்றவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு இந்த மண் கிடைத்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஸ்பைஸ் 'அர்பைட்டர் சைட்டுங்' என்ற ஜெர்மன் தொழிலாளர் நாளிதழின் ஆசிரியர். ஃபிஷர் அதே இதழில் அச்சுக் கோத்தவர். எங்கல் பொம்மைக் கடை நடத்தியவர். பார்சன்ஸ் மட்டும் அமெரிக்காவில் பிறந்தவர். எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளர்ச்சி நடந்த 1886 மே மாதத்தில், சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியவர் இவர்கள்தாம் என்று நிரூபிக்காமலேயே 1887 நவம்பர் 11 அன்று நால்வரையும் தூக்கிலிட்டார்கள். முதல் நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர் லிங்கும் இவர்களோடு இங்கே உறங்குகிறார். இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நினைவுச் சின்னம் 1893 ஜூன் 25-ல் திறக்கப்பட்டது. விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு பெண் வாகை சூட்டுகிறாள். அதன் முன் வெகுநேரம் நின்றேன். திறப்பு விழாவின் மறுநாளே மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், இதே வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் விடுவித்து, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று எழுதினார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். முப்பது ஆண்டுகள் கழித்து, 1923-ல், நம் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார்.

அரசே வேண்டாம் என்ற அராஜகவாதப் போராளி எம்மா கோல்ட்மேனும், பார்சன்ஸின் மனைவி லூசியும் பின்னாளில் இதே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

போக நினைப்பவர்கள் வால்ட்ஹைம் என்ற பெயரைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்திலிருந்த 'ஃபாரஸ்ட் ஹோம்' தோட்டத்துடன் 1969-ல் இணைந்துவிட்டது. அதற்கும் வன இல்லம் என்றே பொருள். வாசலில் ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். உள்ளே பழைய கற்களில் இன்னமும் ஜெர்மன் எழுத்துகளைப் படிக்கலாம்.