மாகாணம் விட்டு மாகாணம் குடிபெயர்வோர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இடமாற்றப் பட்டியல்கள் வெளியாகும் காலத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் பெருகிவிடுகின்றன. பதில் சொல்வதற்குப் போதிய விவரம் உள்ளவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். விவரம் குறைந்த சிலவற்றுக்கும், பிள்ளைகளின் படிப்புச் சம்பந்தப்பட்டவை என்பதால், இயன்ற அளவு பதில் தருகிறேன்.

கணவருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. மகள் முதலாம் தரத்தில் சேர வேண்டியவள். நல்ல பாடசாலை கிடைக்குமா? (வட்டுக்கோட்டை வாசகி)

கணவர் அரச ஊழியரா, தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பதிலோ முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. முதலாம் தர அனுமதியில் ஏறத்தாழ அரைவாசி இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கும், கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. சேவையின் தேவை கருதி இடமாற்றப்பட்ட அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நான்கு அளவில் ஒரு தனிப் பிரிவு உண்டு; கணவர் அவ்வகையினராயின் இடமாற்றக் கடிதத்தின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். தனியார் ஊழியராயின் நீங்கள் அருகில் வசிப்போர் பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வாக்காளர் இடாப்பில் பல ஆண்டுகள் பெயர் இருந்தவர்களுக்கே புள்ளிகள் சேரும் என்பதால், புதிதாகக் குடிவருபவர் பம்பலப்பிட்டியின் பெயர்பெற்ற கல்லூரிகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சற்றுச் சிறிய தமிழ்மொழிமூலப் பாடசாலைகளையும் விண்ணப்பத்தில் சேருங்கள். விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். வீடு கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வட மாகாணத்தில் பதிந்த மோட்டார் சைக்கிளையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் மேல் மாகாணத்துக்கு மாற்ற வேண்டுமா? (கோண்டாவில்)

சாரதி அனுமதிப்பத்திரம் இலங்கை முழுவதற்கும் ஒன்றுதான். சைக்கிளுக்கு வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் தவணை தவறாமல் புதுப்பித்தால் போதும்.

குடும்பத்தோடு கொழும்புக்குப் போகிறோம். உரும்பிராயில் உள்ள வீட்டையும் நான்கு பரப்பு வளவையும் தூரத்து உறவினர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்து அவசியமா? மனக்கசப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அவசியம். இந்தக் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் என் பதில் இதுதான். "எங்கட ஆள்தானே" என்று திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு வாகனம் ஏறும் வழக்கத்தால் நம்மிடையே சிதைந்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நோகிறது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளரின் உரிமையை ஏற்காது தனக்கென ஆண்டு வந்தவர் நீதிமன்றத்தில் ஆட்சியுரிமை கோரலாம். உங்கள் அனுமதியோடு குடியிருப்பவருக்கு அந்த உரிமை இலகுவில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அனுமதி கொடுத்தீர்கள் என்பதை எதைக் கொண்டு நிறுவுவீர்கள்? கொடுத்தவரும் பெற்றவரும் காலமாகி, இரு பக்கத்துப் பிள்ளைகளும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நாளில், வாய்ச்சொல்லுக்குச் சாட்சி சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். வேலியும் அப்படித்தான் போகிறது. கதியால் மாற்றி அடைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லை ஒரு சாண் உள்ளே வரும். பக்கத்து வளவுக்காரரிடம் "ஏன் இப்படி" என்று கேட்பதற்கு உங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த முறை அந்தப் புது எல்லையிலிருந்தே அளவு தொடங்கும்.

2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், போர்ச் சூழலால் தம் காணிக்கு வர முடியாதிருந்தவர்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. உத்தியோகம் கருதி இன்று புறப்படும் உங்களுக்கு அதில் இடமில்லை.

ஆகவே போவதற்கு முன், பராமரிப்பாளராகவோ வாடகைக்கோ அவர் இருக்கிறார் என்ற உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் சிறு தொகையேனும் வாடகை பெற்றுப் பற்றுச்சீட்டு வழங்குங்கள். உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரத்தைத் தரும் அற்றோணித் தத்துவம் கொடுப்பதாயின், பராமரிப்புக்கு மட்டும் கொடுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் தரும் அச்சடித்த படிவத்தில் வாசியாமல் கையொப்பம் இடாதீர்கள். சோலைவரியை உங்கள் பெயரிலேயே, நீங்களே செலுத்துங்கள். நில அளவைப் படத்தைக் கையில் வைத்து எல்லைக் கற்களைப் படம் பிடித்து வையுங்கள். ஆண்டுக்கொரு தடவை காணிப் பதிவகத்தில் பதிவேட்டையும் பாருங்கள். உறவினர் நல்லவராயின் இதற்குக் கோபிக்கமாட்டார்; நாளைக்கு அவருடைய பிள்ளைகளுக்கும் இதுவே பாதுகாப்பு. காணி உறுதியின் மூலப்பிரதி உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். அதை வீட்டு அலுமாரியில் விட்டுச் செல்லவும் வேண்டாம், லொறியில் ஏற்றவும் வேண்டாம்.

கொழும்பில் குடியேறிவிட்டால் தேசவழமை எங்களைக் கட்டுப்படுத்தாதா? (நல்லூர்)

வேலையின் நிமித்தம் வெளியே தங்கியிருப்பதனால் மட்டும் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. சீதனக் காணியை மனைவி விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்ற 1911ஆம் ஆண்டு விதி தொடர்ந்து வரும். வடக்கில் பங்குக் காணியை விற்கும்போது, பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதும் மாறாது.

மகன் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டமொன்றில் அவனைப் பதிந்தால் மருத்துவபீடம் கிடைக்குமா? நாங்கள் யாழ்ப்பாணத்திலேயே இருப்போம். (நெல்லியடி)

இது குடிபெயர்வே அல்ல; இதற்கு வழிசொல்ல நான் விரும்பவில்லை. அனுமதியில் நூற்றுக்கு நாற்பது அளவு அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து அளவு மாவட்டங்களுக்கும், மீதி கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை உண்மையில் எங்கே படித்தான் என்பதைப் பாடசாலை வரவுப் பதிவேடே காட்டிக்கொடுக்கும். பொய்யென்று தெரிந்தால் கிடைத்த இடமும் பறிபோகும். அந்த மாவட்டத்திலேயே பிறந்து, இரசாயனவியலுக்கு ஆசிரியரில்லாமல் படித்த பிள்ளையின் இடத்தை எடுத்த குறையும் உங்கள் மகனின் மேல் இருக்கும். உண்மையாகவே குடும்பத்தோடு இடம் மாறுகிறவர்கள், உயர்தரத்தின் நடுவில் பிள்ளையை மாற்றாமல், சாதாரண தரம் முடிந்த கையோடு மாற்றுங்கள். விடுகைப் பத்திரத்தை வாங்கும்போதே அதில் பெயரும் பிறந்த திகதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அங்கே அது சாதாரணமாகக் கேட்கப்படும் தொகைதான்; ஆறு மாதத்துக்குக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டம். முத்திரை ஒட்டிய வெறுங்கடதாசியை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன், எழுத்தில்லாமல் பணமும் இல்லை, திறப்பும் இல்லை. உள்ளே நுழைந்த அன்றே மின்மானியையும் நீர்மானியையும் படமெடுங்கள். குடியிருப்போர் விவரப் படிவத்தைப் பொலிஸார் கேட்டால், நிரப்பிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிறோம். தண்ணீர் எப்படி? (கட்டுகஸ்தோட்டை)

மலைநாட்டுத் தண்ணீரைப் பழகியவர்களுக்கு முதலில் கடினமாகத்தான் இருக்கும். இந்தக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது, வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, பெரும்பாலும் கிணறுதான். சில வாரங்களிலேயே கேத்தலின் அடியில் வெண்மையாகப் படிவு பிடிக்கும், சவர்க்காரம் நுரைக்காது, குளித்த பின் தலைமயிர் முறுகிப்போகும். இவை தொல்லைகளே தவிர ஆபத்தில்லை. கரையோரத்தில் உவர்ப்பும், தோட்டங்கள் நெருங்கிய இடங்களில் உரத்தால் சேரும் நைத்திரேற்றும்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவை. கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பிறகே பால்மா கரையுங்கள். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. வாடகை வீட்டைப் பார்க்கும்போது பங்குனி, சித்திரையில் வந்து பாருங்கள். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் நீங்களே அடியளந்து பாருங்கள்.

குருநாகலுக்குப் போகிறேன். அரச அலுவலகங்களில் தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

ஏற்க வேண்டும். வடக்குக்கும் கிழக்குக்கும் வெளியிலும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. நடைமுறையில் தாமதம் ஏற்படும். எனவே தமிழில் எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். பேச்சுச் சிங்களத்தையும் போவதற்கு முன்னரே பழகத் தொடங்குங்கள். மருந்தகத்திலும் பேருந்திலும் சட்டம் உங்களோடு வராது.

சாமான்களைக் கார்த்திகையில் அனுப்பலாமா? (சாவகச்சேரி)

வேண்டாம். அது இங்கே பெருமழைக் காலம். கொழும்பு வரையான சுமார் 400 கிலோமீற்றர் தூரம் படங்கை மட்டும் நம்பி மெத்தைகளையும் புத்தகங்களையும் அனுப்ப முடியாது. தை பிறந்து மழை ஓய்ந்த பின் அனுப்புங்கள். அதுவரைக்கும் தேவையான உடுப்புகளும் பாத்திரங்களும் புகையிரதத்தில் உங்களோடு வரட்டும். பிறப்புச் சான்றிதழ்கள், உறுதி, விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி ஆகியவை தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும்.