விண்டோஸ் சாண்ட்பாக்ஸுக்குள் இருந்து நம் கம்ப்யூட்டரின் பிரிண்டரில் பிரிண்ட் எடுக்க முடியுமா? அது பாதுகாப்பா?

முடியும். சாண்ட்பாக்ஸ் என்பது விண்டோஸுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு தற்காலிகக் கம்ப்யூட்டர் மாதிரி. நீங்களும் என்னைப் போல ஜெராக்ஸ் கடையோ நெட் சென்டரோ வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் சொந்தமாகப் பிரிண்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி வருவது குறைவு.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் என் கம்ப்யூட்டரில் வாட்ஸ்ஆப் வெப் திறந்து ஃபைலை இறக்குவார்கள், மீதிப் பேர் பென்டிரைவை நீட்டுவார்கள். பென்டிரைவ் என்றாலே ஷார்ட்கட் வைரஸ் பயம். உண்மையான ஃபோல்டர் மறைந்து, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் நிற்கும். அதைத் திறந்தால் போச்சு. இவை எல்லாவற்றையும் சாண்ட்பாக்ஸில் வைத்தே திறக்கிறேன்.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இ-ஆதார் எடுக்க வந்தார். அதற்குக் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். நான் கேட்க, அவர் சொல்ல, கடையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. தாளை வாங்கி நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தவர், "மக்களே, எனக்க ஆதாரு இனி உனக்க கம்ப்யூட்டர்லதான் கெடக்குமா?" என்று கேட்டார். அவர் கண் முன்னாலேயே சாண்ட்பாக்ஸை மூடினேன். உள்ளே இருப்பதெல்லாம் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது. அதைத் தமிழில் சொல்லிவிட்டு ஓகே கொடுத்தேன். "அப்போ செரி" என்று நிம்மதியாகப் போனார். அந்த நிம்மதியைக் கொடுக்க முடிவதில் எனக்குப் பெருமைதான்.

இனி செய்முறை. 2019-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து சாண்ட்பாக்ஸ் உண்டு. ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது, ப்ரோ வேண்டும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்கில்) விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். பிரிண்டர் தானாக உள்ளே தெரியாது, அது அணைந்த நிலையில்தான் வரும். நோட்பேடில் கான்ஃபிகரேஷன் (Configuration) என்ற டேக்குக்குள் பிரிண்டர்ரீடைரக்ஷன் (PrinterRedirection) என்ற டேக்கைப் போட்டு (சேர்த்து ஒரே சொல்லாக), மதிப்பு எனேபிள் (Enable) என்று எழுதி, டபிள்யூஎஸ்பி (.wsb) என்ற எக்ஸ்டென்ஷனோடு சேமியுங்கள். இனி அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்துதான் சாண்ட்பாக்ஸைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் பிரிண்டர் வராது. என் கடையில் உள்ளே தனியாக டிரைவர் போடத் தேவைப்படவில்லை.

பென்டிரைவ் ஃபைல்களை முதலில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அதை அந்த டபிள்யூஎஸ்பி ஃபைலில் மேப்டு ஃபோல்டராக (சாண்ட்பாக்ஸுக்குள்ளும் தெரியும் ஃபோல்டராக), ரீட்ஒன்லி ட்ரூ (படிக்க மட்டும்) என்று கொடுங்கள். காப்பி செய்யும்போது எதையும் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே வேர்ட் இருக்காது. பிடிஎஃப் எட்ஜிலேயே திறக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கிறுக்கலாகத் தெரியும், ஏனென்றால் அந்த ஃபான்ட் உள்ளே இல்லை. அவர்களிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிரிண்டருக்கு வழி திறந்துவிட்டால் சாண்ட்பாக்ஸ் தனியாகப் பிரிந்து நிற்பது எங்கே என்று யாராவது கேட்கலாம். நியாயம்தான். 2021-ல் பிரிண்ட்நைட்மேர் என்று, பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரிலேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை வந்தது. அதனால் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள், பென்டிரைவ் வேலைக்கு அந்த டபிள்யூஎஸ்பி ஃபைலிலேயே சாண்ட்பாக்ஸின் நெட்வொர்க்கை டிசேபிள் செய்துவிடுங்கள். வைரஸை ஆராய்ச்சி செய்கிறவருக்கு இது போதாது. ஆனால் வந்த ஃபைலை எல்லாம் நேராக டெஸ்க்டாப்பில் திறப்பதைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று, பிரிண்ட் வேலை வெளியில் இருக்கும் ஸ்பூலர் வழியாகத்தான் போகிறது. பிரிண்டர் பிராப்பர்டீஸில் 'கீப் பிரிண்டட் டாகுமென்ட்ஸ்' டிக் ஆகியிருந்தால் சாண்ட்பாக்ஸை மூடியும் அந்த ஆதார் உங்களிடம் கிடக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆதார் நகலை ஒவ்வொரு அலுவலகமும் புதிதாகக் கேட்கிறது. மலைப்பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு தாளுக்காக வயதானவர்கள் வருகிறார்கள். அது எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தாள்கள் அங்கே எந்த மேஜையில் கிடக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. சந்தேகம் மட்டும் கடைக்காரன் மேல்தான்.

அப்புறம், வாட்ஸ்ஆப் வெப் சாண்ட்பாக்ஸோடு அழிந்தாலும், வாடிக்கையாளர் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் அது நிற்கும். கடையை விட்டு இறங்கும் முன் அவர் கையாலேயே அதை லாக்அவுட் செய்யச் சொல்லுங்கள்.