குறி வைத்துச் சுட்டால் தட்டு ஏன் உடைவதில்லை?

கேள்வி: ஏர் ரைபிளில் ஓரளவு நன்றாகவே சுடுவேன். இப்போது ஷாட்கன்னில், காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகுகிறேன். எவ்வளவு கவனமாகக் குறி வைத்தாலும் தட்டு உடைய மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்குத் தோளும் கன்னமும் வலிக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: கவனமாகக் குறி வைக்கிறீர்களே, அங்கேதான். குழல் முனையில் இருக்கும் சின்ன மணியைத் தட்டோடு பொருத்திப் பார்க்க நினைத்த உடனே கை நின்றுவிடும், தட்டு நிற்காது. பறக்கும் பறவையை விரலால் காட்டும்போது விரலையா பார்க்கிறோம்? இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தட்டை மட்டும் பாருங்கள், முடிந்தால் அதன் முன்விளிம்பை. குழல் ஓரக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 30 மீட்டர் தள்ளி, குறுக்கே ஒரு தட்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவிலிருந்து கொத்தாகக் கிளம்பும் சின்னச் சின்னக் குண்டுகள், அதாவது ரவைகள், அங்கே போய்ச் சேரச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகும், அதற்குள் தட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். தட்டின் குறுக்களவோ 11 சென்டிமீட்டர்தான். ஆகவே தட்டைப் பார்த்து நேராகச் சுட்டால், ரவைகள் எவ்வளவு விரிந்து போனாலும் அதன் வாலுக்குப் பின்னால்தான் போகும். குழலைத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஓட்டி வந்து, அதைத் தாண்டும்போது விசையை அழுத்துங்கள், அழுத்திய பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சத்தம் கேட்டதும் கையை நிறுத்துவதுதான் புதியவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி.

உங்களுக்கு எந்தக் கண் ஓங்கியது, அதாவது இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது மூளை எந்தக் கண்ணை நம்புகிறது என்று பார்த்துவிட்டீர்களா? கைகளை நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் ஓங்கிய கண். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஓங்கியிருந்தால், பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கம் சின்னதாக ஒரு டேப் ஒட்டிப் பார்க்கலாம், அல்லது தோளையே மாற்றிவிடலாம். இரண்டாவதுதான் என் கட்சி, ஆரம்பத்திலேயே என்றால் பழகுவதும் கஷ்டமில்லை.

சரி, வலி. துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையைப் புஜத்தில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கழுத்தெலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்ளே இருக்கும் குழியில் உட்கார வேண்டும். தலையைக் கட்டைக்குக் குனிக்காதீர்கள், கட்டை கன்னத்துக்கு வரட்டும், கன்னம் அதில் அழுத்தமாகப் படியட்டும். இடைவெளி விட்டால் சுட்டதும் கட்டை வந்து அறையும். தட்டை எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கினாலோ குண்டு மேலே போய்விடும். முன்காலில் கொஞ்சம் கூடுதல் பாரம் கொடுத்து, கையால் அல்லாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள்.

துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, கண்ணாடி முன் தினமும் கொஞ்ச நேரம் தூக்கிப் பழகலாம். கட்டை சரியாக உட்கார்ந்தால் உங்கள் கண் குழலுக்கு நேர் மேலே தெரியும். ரேஞ்சில் சுடும் இடத்துக்குப் போகும்வரை துப்பாக்கி திறந்தே இருக்கட்டும், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் நிற்கவே கூடாது. கோச்சிடம் சொல்லி 24 கிராம் ரவை உள்ள தோட்டாவும், எதிரே நேராக விலகிப் போகும் தட்டுகளும் கேளுங்கள். குறுக்கே ஓடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.