கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தால் போலீஸ் வேலைதானா? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, மகள் கிரிமினல் ஜஸ்டிஸ்தான் (குற்றவியல் நீதி) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீங்கள் "போலீஸாகப் போவதற்கு எதற்கு ஒரு பட்டம், வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் பாதி சரி. போலீஸ் வேலைக்கு இந்தப் பட்டம் பெரும்பாலான நாடுகளில் கட்டாயமே இல்லை. எந்தப் பாடம் படித்தவரும், சில இடங்களில் பள்ளிப்படிப்பு முடித்தவரும்கூடத் தேர்வு எழுதி, ஓடிக் காட்டி, பின்னணி விசாரணையில் தேறி, அப்புறம் பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறார்கள். காக்கியோ நீலமோ, சீருடை மட்டும்தான் அவள் கனவு என்றால் பிடித்த வேறு பாடத்தையே படிக்கட்டும்.

அவள் மனதில் இருப்பது தடயங்களைச் சோதிக்கும் லேப் என்றால் அதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிவி தொடர் பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் நிறைய. தடயவியல் கூடத்தில் வேலை செய்ய வேதியியலோ உயிரியலோ வேண்டும். அமெரிக்காவில் டிஎன்ஏ ஆய்வாளர்களுக்கு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வகுத்த தர விதிகளே உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் படித்திருக்க வேண்டும் என்கின்றன. கிரிமினல் ஜஸ்டிஸ் முடித்தபின் அந்தக் கதவைத் தட்டினால் திறக்காது. வக்கீல் ஆசை என்றால் சட்டப் பட்டம் தனியாக வேண்டும். அதற்கு முன்படிப்பாக இது உதவும், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது? குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸ், கோர்ட், சிறை மூன்றும் எப்படி இயங்குகின்றன, ஒன்று சொதப்பினால் மற்ற இரண்டும் என்ன ஆகின்றன, பாதிக்கப்பட்டவர் இதற்குள் எங்கே காணாமல் போகிறார், இவைதான். கூடவே ஆய்வுமுறையும் புள்ளியியலும் வரும், பிள்ளைகள் முகம் சுளிப்பது இங்கேதான். ஆனால் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். போலீஸ் பதிவேட்டில் ஏறிய குற்றத்தை மட்டும் எண்ணினால் புகாரே கொடுக்காதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் இங்கிலாந்தில் 1982 முதல் வீட்டு வாசலுக்கே போய் "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு வேலை இருக்கிறது. குற்றத் தரவு ஆய்வாளர் என்று ஒரு பணியே உண்டு. நியூயார்க் போலீஸ் 1994இல் காம்ப்ஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்து, வாராவாரம் எண்களை வைத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வேறு பல ஊர்களும் அதைப் பின்பற்றின.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பட்டம் நேராகப் பொருந்தும் இடம் நன்னடத்தை அலுவலர் வேலை, அதாவது சிறைக்கு அனுப்பாமல் வெளியே விடப்படும் குற்றவாளிகளைக் கண்காணித்துத் திருத்தும் புரொபேஷன் ஆபீசர் வேலை. யாருமே அதைக் கனவு காண்பதில்லை என்பதுதான் வேடிக்கை. 1841இல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைப்பவர், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்து, திருத்திக் கோர்ட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்தார். இன்றைய நன்னடத்தை முறை அங்கேதான் தொடங்கியது என்பார்கள். இப்போது அந்த அலுவலர் என்ன செய்கிறார் தெரியுமா? தண்டனை விதிக்கும் முன் நீதிபதிக்கு அறிக்கை எழுதுகிறார். குற்றவாளியின் வீட்டுக்குப் போகிறார், அவரையும் குடும்பத்தையும் தனித்தனியே விசாரிக்கிறார், வேலை கொடுத்தவரிடம் பேசுகிறார், பழைய வழக்குகளைப் புரட்டுகிறார், குடி உண்டா, கடன் உண்டா, மறுபடி செய்ய வாய்ப்பு எவ்வளவு என்று எடைபோட்டுச் சில பக்கங்களில் எழுதிக் கொடுக்கிறார். அதில் "கோபக்காரர்" என்று ஒரு சொல் ஆதாரமில்லாமல் விழுந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார், எழுதியவர் சாட்சிக் கூண்டில் பதில் சொல்ல நேரலாம். ஆக இந்தத் துறையில் பலம் தோளில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. மகளுக்கு நான்கு பக்கம் தெளிவாக எழுத வருமா என்று பாருங்கள், ஓட வருமா என்று அப்புறம் பார்க்கலாம்.

சிறைத்துறையும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இரும்புக் கம்பி வேலை மட்டும் இல்லை. நார்வேயில் சிறை அலுவலராக வேண்டுமென்றால் சம்பளத்துடன் இரண்டு வருடம் படிக்க வைக்கிறார்கள், அதில் உளவியலும் சட்டமும் உண்டு. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை, ஆள்பற்றாக்குறையும் இரவுப் பணியும்தான் பல இடங்களில் நிலைமை. பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளில் மனநிறைவு அதிகம், சம்பளம் குறைவு. தனியார் பக்கம் போனால் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் மோசடித் தடுப்புப் பிரிவுகள் இருக்கின்றன. கணக்கியலைத் துணைப்பாடமாக எடுத்தவர்களுக்கு அங்கே நல்ல மரியாதை. மோசடி ஆய்வாளர்களுக்கென்று 1988இல் தொடங்கிய சங்கம் ஒன்று சிஎஃப்இ (சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்) என்று சான்றிதழே தருகிறது, வேலை அனுபவம் சேர்ந்தபின் அதற்கு முயலலாம்.

வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். அரசுப் பக்கத்து வேலைகள் பலவற்றுக்கும் குடியுரிமை கேட்பார்கள். எஃப்பிஐ சிறப்பு ஏஜென்ட் வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், வயது 23 முதல் 36 வரை இருக்க வேண்டும். மாணவர் விசாவில் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தக் கதவுகளுக்கு முன்னால் நிற்பது பணவிரயம். இன்னொன்று, ஒரு நாட்டின் சட்டமும் கோர்ட் நடைமுறையும் இன்னொரு நாட்டுக்கு அப்படியே ஒட்டாது. புள்ளியியல், கணக்கியல், உளவியல் ஆகியவை எங்கும் ஒட்டும், அதனால்தான் துணைப்பாடத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பின்னணி விசாரணை என்று மேலே சொன்னேன் இல்லையா, அதை மகளிடம் நேராகவே பேசுங்கள். போதைப்பொருள், கட்டாமல் விட்ட கடன், சமூக ஊடகத்தில் ஆத்திரத்தில் எழுதிப் போட்டது, எல்லாம் தோண்டப்படும். அங்கே ஒளித்தது வெளிவந்தால், செய்த தப்பைவிட ஒளித்ததற்காகவே நிராகரிப்பார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். களப்பணி கட்டாயமா, கோர்ட்டிலோ சிறையிலோ நன்னடத்தை அலுவலகத்திலோ எத்தனை வாரம், யார் ஏற்பாடு செய்வார்கள் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். "மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும்" என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அவளை ஒருநாள் சாதாரண குற்றவியல் கோர்ட்டுக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள், பெரும்பாலான நாடுகளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. சினிமா மாதிரி ஒன்றும் நடக்காது. வாய்தா, வராத சாட்சி, காணாமல்போன ஃபைல், மறுபடி வாய்தா. சாயங்காலம் வந்து "போர் அடித்தது" என்றால் வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம். "அந்தச் சாட்சி ஏன் வரவில்லை" என்று கேட்டால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், துணைப்பாடத்தை முதல் வருடம் முடிவதற்குள் தீர்மானித்தால் போதும்.